லாக் ஓடினா பச்சை

— அந்த ரூமுக் கதவத் தொறக்காத மோளே. மிளகு மூட்டைக்கு வெச்ச பூச்சி மருந்துக் காத்து உள்ள நிக்குது, கதவோரப் பேனல்ல சிவப்பு லைட்டு எரியுது பாரு.

— அந்தச் சிவப்பப் பிடிக்கத்தான் சேட்டா, வைட்டிலா ஆபீசுலேருந்து இந்த மழைல பஸ் பிடிச்சு வந்திருக்கேன். காத்து மொத்தமும் வெளிய போன பிறகும் சிவப்பு மாறாம நிக்குதுன்னு உங்க முதலாளி ஆபீசுக்குப் போன் போட்டு ஒரே ஏச்சு.

— மாறும். லேட்டா மாறும். லேட்டா மாறினா யாருக்கு நஷ்டம்? கப்பல்காரனுக்குத்தானே. உள்ள சாக்கு தைக்கப் போற பொம்பளைங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, கேட்டியா.

— நீங்க லேசாச் சொல்லிரலாம். இந்தப் பேனலுக்குச் சாப்ட்வேர் எழுதினது நாங்க. பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல போய் ‘சிவப்பு மாறல’ன்னு சொன்னா, ‘லாக் இருக்கா’ன்னு மட்டுந்தான் திருப்பிக் கேப்பாங்க. லாக் இல்லேன்னா அங்க பக்கும் இல்ல, புரோகிராம்ல கோளாறே கிடையாதுன்னுருவாங்க.

— லாக்குன்னா என்ன மோளே? நான் பூட்டு மட்டுந்தான் கண்டிருக்கேன்.

— இந்த ஒயர லேப்டாப்ல சொருகினா, பேனல் உள்ளுக்குள்ள என்ன நினைக்குதோ அத்தனையும் வரி வரியா இதுல எழுதிக்கிட்டே வரும். காத்துல எவ்வளவு மருந்து, ரூம்ல எவ்வளவு சூடு, ஏன் சிவப்பு, ஏன் பச்சை, எல்லாம். மழை ஈரத்துல சென்சார் குழம்புதுன்னு எனக்கு ஒரு சம்சயம். ஆனா சம்சயத்த அனுப்ப முடியாதுல்ல.

— கமலாக்ஷி காலத்துல உன் லாக்கு இருந்திருக்கணும்.

— யாரு அது?

— ஆபீசுல சொல்லலையா? போன மழைக்கு இந்த ரூமுக்குள்ள சாக்கு தைக்கப் போனா. அப்ப பேனலும் இல்ல, லைட்டும் இல்ல. மூட்டைக்கு நடுவுல மருந்து வெச்சு, மூடி, பிறகு ஃபேனப் போட்டு அந்தக் காத்த வெளிய தள்ளுவோம். ‘காத்துப் போயிருச்சு, உள்ள போ’ன்னு முதலாளி வாயால சொன்னதுதான் கணக்கு. தலை வலிக்குதுன்னா. சாயங்காலம் ஆஸ்பத்திரி. பிறகு நாங்கதான் பொணமாத் தூக்கிட்டு வந்தோம்.

— அய்யோ. வாசம் தெரியாதா சேட்டா?

— தெரியும். பூண்டு வாசமடிக்கும். ஆனா தெருவப் பாரு, இந்தப் பக்கம் பூண்டு மண்டி, அந்தப் பக்கம் பூண்டு மண்டி. மட்டாஞ்சேரில மூக்க நம்பினா எவனும் எதையும் தொறக்க முடியாது. அதனால எனக்கு லைட்டு ஒண்ணுதான் தெய்வம். பச்சை வந்தாலும் உடனே தொறக்க மாட்டேன். நாயர் கடைக்குப் போய் நின்னு ஒரு சாயா குடிச்சு முடிச்சிட்டுத்தான் தாழ்ப்பாள்ல கை வைப்பேன்.

— ஏங்க, அந்தப் பிள்ளைகிட்டயும் கமலாக்ஷி கதையா? மோளே, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நான் வீரலட்சுமி, இவரு வீட்டுக்காரி. இந்தப் பயந்தாங்கொள்ளிக்குச் சங்கிலிப்பாண்டின்னு பேரு வெச்ச மாமனாரு இன்னைக்கு உசிரோட இருந்தா, பேர மாத்தச் சொல்லி ரெண்டு வார்த்த கேட்டிருப்பேன்.

— வாய அடக்கு வீரம். ரூமுக்குள்ள போறவ நீயில்லையா? பயப்படுறவன் நான்.

— சேச்சி, நான் சுமா. ஒரு மினிட் தள்ளி நில்லுங்க, ஒயரு காலுல மாட்டிரும்.

— நீ நம்ம தமிழ் பேசுறியே. எந்த வீட்டுப் பிள்ள?

— அப்பா காளிமுத்து. கார்ப்பரேஷன்ல இருந்தாரு.

— குப்பை லாரி காளிமுத்தா! அட, நம்ம காளிமுத்து மோளு எஞ்சினீயரா? கேட்டியா வீரம்? என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊனினவன் அவன்.

— கேட்டேன், கேட்டேன். கண்டெய்னர் வாசல்ல வந்து நிக்குது, அதையும் கேட்டீங்களா? முதலாளி ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டாரு.

— ஆ, சேட்டா, லாக் ஓடத் தொடங்கிருச்சு. இனி சிவப்பு எவ்வளவு நேரம் நிக்குதோ நிக்கட்டும், நான் பிடிச்சிர்றேன்... சே!

— என்ன?

— பச்சை வந்திருச்சு.

— அதெப்படி? ஃபேன் போட்டு ஒரு பீடி இழுக்குற நேரங்கூட ஆகலையே.

— அதான் எரிச்சல். எப்பவும் இந்த பக் இப்படித்தான் சேட்டா. ஆள் பாக்காதப்ப ஆட்டம் போடும், லாக் எடுக்க உக்காந்தா நல்ல பிள்ளையாயிரும்.

— ஃபேனும் நின்னு போச்சு.

— பச்சை வந்தா அது தானா நிக்கும்.

— அப்ப தொறங்க. பாக்கியலக்ஷ்மி, அந்தச் சாக்கு நூல எடுத்துக்கோடி, ரெண்டு பேருமாத் தச்சு முடிச்சிரலாம்!

— இரு வீரம். சாயா.

— எஞ்சினீயரே லேப்டாப்போட குத்த வெச்சு உக்காந்திருக்கா. இன்னைக்குமா உங்க சாயா? கண்டெய்னர் போயிருச்சுன்னா முதலாளி உங்களத்தான் சாயாவாக் குடிப்பாரு.

— மோளே, நீ சொல்லு. தொறக்கலாமா?

— இங்க பாருங்க, மருந்துன்னு போட்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு. ஒண்ணுமே இல்லேன்னு அர்த்தம். நீங்க இதுவரைக்கும் வெறும் லைட்டத்தானே பாத்தீங்க, இன்னைக்கு நம்பரே வந்திட்டிருக்கு.

— உன் கூடப்பிறந்தவளா இருந்தா உள்ள விடுவியா?

— விடுவேன் சேட்டா.

— காளிமுத்து மோளு சொன்னா எனக்கு அது போதும். போ வீரம். கதவச் சாத்திக்கோ, மழைக்காத்து பட்டா மிளகு பூஞ்சை பூத்திரும்.

— போயிட்டு வரேன் சாமி. திரும்பி வரும்போதாவது ஒரு சாயா எனக்கும் வாங்கி வையுங்க.

— பாத்தியா மோளே, எப்படிப் பேசுறான்னு. கமலாக்ஷி போன பிறகு இந்த வேலை வேண்டாம்னு எத்தன தடவ சொன்னேன். ‘சோறு வேண்டாமா’ன்னு ஒரே வாக்கு.

— பயப்படாதீங்க சேட்டா. நான் இங்கதானே இருக்கேன்.

— எனக்கென்னமோ மனசு சரியில்ல. எப்பவும் லேட்டா வர்ற பச்சை இன்னைக்கு ஏன் ஓடி வந்துச்சு? கையில சாயா கிளாஸ் இல்லாம இந்தக் கதவ நான் தொறந்ததே இல்ல.

— பேனல் வேணும்னா பொய் சொல்லும். லாக் பொய் சொல்லாது. அதுக்குத்தானே இவ்வளவு பாடு.

— ஏங்க, கோணி ஊசி ஒண்ணு குடுங்க. இது ஒடிஞ்சு போச்சு.

— என்ன வீரம், இப்படி வேர்த்துக் கொட்டுது?

— உள்ள நின்னு பாருங்க தெரியும். மூட்டை அத்தனையும் அடுப்பு மாதிரி கொதிக்குது. பூண்டு வாசம் வேற குடலப் பிடுங்குது.

— பூண்டா? மோளே, நம்பரப் பாரு, நம்பரப் பாரு.

— அதேதான் சேட்டா. புள்ளி பூஜ்யம் ரெண்டு. அசையவே இல்ல.

— பக்கத்து மண்டில காலைலதான் ஒரு லாரி பூண்டு இறங்குச்சு. அதா இருக்கும். அதானே?

— அதாத்தான் இருக்கும் சேட்டா.

— தலை கொஞ்சம் கனக்குது. காலைல ஒண்ணும் திங்கல, அதுவா இருக்கும்.

— நீ வெளிய இரு வீரம். வேண்டாம்.

— பாக்கியம் உள்ள தனியா நிக்கிறா. அவளுக்கும் ஓங்கரிச்சு ஓங்கரிச்சு வருதாம், நேத்து மீன் சரியில்லன்னு திட்டிட்டிருக்கா. மிச்சம் கொஞ்சம் சாக்குதாங்க. தச்சுட்டு வந்திர்றோம்.

— மோளே, இன்னொரு தடவ பாத்துச் சொல்லு.

— சேட்டா, எத்தன தடவ பாத்தாலும் இதான். சேச்சி போகட்டும்.

— கதவச் சாத்திட்டா. ஏதாவது பேசு மோளே. சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

— என்ன பேச? இன்னைக்கு பக் வரப்போறதில்ல. வந்த வரைக்கும் பென்டிரைவ்ல எடுத்து, கஃபேல உக்காந்து பெங்களூருக்கு மெயில் போட்டிர்றேன். இப்ப எழுதுறேன் பாருங்க. சிவப்பு நிக்கல. மருந்து, புள்ளி பூஜ்யம் ரெண்டு. சூடு, இருபத்திரெண்டு டிகிரி... சேட்டா, உள்ள ஏசி இருக்கா?

— ஏசியா? ஜன்னலே கிடையாது, தகரக் கூரை. இருந்த ஒரு ஃபேனும் நின்னாச்சு.

— சேச்சி அடுப்பு மாதிரி இருக்குன்னுதானே சொன்னாங்க?

— ஆமா. ஏன்?

— ஒரு மினிட். இதுக்கு மேல் வரி... அதுக்கும் மேல்... எல்லாத்துலயும் இருபத்திரெண்டு. கதவ ரெண்டு தடவ தொறந்து மூடிருக்கு. அப்பவும் அசையல.

— என்ன மோளே, அதுல என்ன கண்ட?

— லாக் எடுக்குற புரோகிராம வைட்டிலாலதான் சோதிச்சுப் பாத்தேன். அங்க எங்களுக்கு மருந்து ரூமு இல்லல்ல. அதனால எங்க ஏசி ரூமோட காத்தையும் சூட்டையும் ஒரு தடவ அளந்து வெச்சுக்கிட்டு, சென்சாருக்குப் பதிலா அதையே திரும்பத் திரும்பக் குடுத்து ஓட்டினேன். இங்க வர்றதுக்கு முன்னால அத மாத்திருக்கணும், மறந்துட்டேன். லாக் ஓடும்போது பேனலும் அதத்தான் நம்பும்...

— எனக்கு ஒரு மண்ணும் புரியல. என் பொஞ்சாதி உள்ள இருக்கா. மருந்து இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு.

— தெரியாது சேட்டா! கதவத் தொறங்க, ரெண்டு பேரையும் வெளிய இழுங்க! அந்தப் பச்சை இந்த ரூமுக்கு வந்ததில்ல, எங்க ஆபீஸ் ரூமுக்கு வந்தது!