வாபஸ் வாங்க மாட்டேன்

அதெல்லாம் வேண்டாம் ஐயா, சாக்லேட் பெட்டிய நீங்களே வச்சுக்கங்க. உக்காருங்க. இந்த அல்மாத்தி ஊர்லயே பெரிய வக்கீல், ஒராஸ்பெக் ஐயா, பஜாருக்குப் பின்னாடி இருக்கற இந்தப் பொந்துக்கு மாடியேறி வந்திருக்கீங்க. மூச்சு வாங்குது பாருங்க. டீயா? நான் ஊத்தித் தரமாட்டேன். கெட்டில் அங்க இருக்கு, வேணும்னா எந்திரிச்சுப் போய் ஊத்திக்கங்க. உங்க ஆபீஸ்ல நான் ஊத்துனது போதும்.

என்ன சிரிப்பு? டீ ஊத்தவா சேந்தேன்? தாஜிகிஸ்தான்ல, எங்க குஜந்து ஊர்ல சட்டம் படிச்சு, இங்க கசகஸ்தானுக்கு வந்து குடியுரிமை வாங்கி, உங்க ஊர்ப் பரீட்சையையும் மறுபடி எழுதிப் பாஸ் பண்ணின வக்கீல் நான். கட்சிக்காரன் வந்தா, மொஹிரா நீ உள்ள போயிரும்மா, தாஜிக் மூஞ்சியப் பாத்தா கேஸ் கைநழுவிரும்னு சொன்னது யாரு? உங்க வீட்டுப் பூனையா?

ஆமா, சம்பளம் குடுத்தீங்க, யாரு இல்லைன்னா? மனுவெல்லாம் என்னோடது, கையெழுத்து உங்களோடது. ஒரு தடவ கோர்ட்டுல ஒரு பாயிண்ட் சொல்ல எந்திரிச்சேன். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னாரு நீதிபதி. இவங்க வக்கீலுங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? கூடச் சேந்து சிரிச்சீங்க.

தமாசா? நல்ல தமாசுதான். அத, உங்க மேல நான் குடுத்த புகாருக்கு வக்கீல் சங்கம் வச்சிருக்கற விசாரணையில நாளைக்குச் சொல்லுங்க, அவங்களும் சிரிக்கட்டும்.

ஓ, பங்குதாரராவா? வாசல் போர்டுல பேரா? கேக்க நல்லாத்தான் இருக்கு. என்னது, மொஹிராவ மட்டும் மைரான்னு மாத்திப் போடணுமா? அப்பத்தான் கசாக்குப் பேராட்டம் இருக்குமா? கெஞ்ச வந்த எடத்துலயும் உங்க புத்தி போகல பாருங்க.

அப்படி என்ன வன்மம்னா கேக்கறீங்க? கட்டட வேலைக்காரங்க கேஸு ஞாபகம் இருக்கா? இத நீயே வாதாடும்மான்னு வாக்குக் குடுத்தீங்க. சந்தோசத்துல ஊருக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டேன். அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல என் கையிலருந்த ஃபைலப் புடுங்கிட்டு, உங்க மேல்கோட்டக் கழட்டி எங்கையில போட்டுட்டு உள்ள போனீங்க. பஜார்க்காரிக்கெல்லாம் இங்க என்ன வேலன்னு, கடைசி பெஞ்சுல இருந்த ஒரு கிழவியக் காவலர விட்டு வெளிய தள்ளச் சொன்னீங்க.

யாரா? எங்கம்மா. மக வாதாடறதக் கேக்கணும்னு குஜந்துலருந்து பஸ்ஸேறி வந்து, முன்னாடியே போய் உக்காந்திருந்தவ. வெளிய வந்து பாத்தா, நான் கோட்டத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். கிட்ட வந்து, கை வலிக்குதாடி, குடு, கொஞ்ச நேரம் நான் புடிச்சுக்கறேன்னா.