இரண்டாவது வரி

கம்ப்யூட்டர் ஓடவில்லையென்றால் முதலில் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும் சார். பாதிப் பேர் அதைப் பார்க்காமலேயே எனக்குப் போன் செய்வார்கள். நானும் சொல்லிக்காட்டாமல் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பதினெட்டு வருடம் சங்கரன்கோவிலில் இப்படித்தான் ஓடியது. சர்வீஸ் லிங்கேஷ் என்றால் எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும்.

அப்போதெல்லாம் சாஃப்ட்வேர் டிஸ்க்கில் வந்தது. ஒரு தடவை வாங்கினால் வாங்கியவருக்கே சொந்தம். அதை ஏற்ற, கெட்டால் மறுபடி ஏற்ற, நான் வேண்டும். பிறகு கம்பெனிகள் அப்படி விற்பதை நிறுத்திவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறின. சந்தா கட்டியவர்களுக்கு எல்லாம் தானாக வந்து இறங்கியது. மருந்துக்கடை மாறியது, ஜவுளிக்கடை மாறியது. ஒருவரும் கூப்பிடவில்லை. முழு நாளும் அடிக்காத போனை, சிக்னல் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

பழைய பதிப்பை விடாமல் வைத்திருந்தவர், ராஜபாளையம் ரோட்டில் அச்சகம் நடத்திய ஞானதுரை அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற சாஃப்ட்வேர். முறையாகப் பில் போட்டு வாங்கியது. அவருக்கு இங்கிலீஷ் வராது.

இந்த வருடம் சித்திரையில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. “இதுல என்னலே எழுதியிருக்கான்?” என்று கேட்டார். இரண்டே வரிகள். பழைய பதிப்புக்கு இனிமேல் எங்கள் சேவை கிடையாது. முன்பு வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தத் தடை இல்லை.

நான் முதல் வரியை மட்டும் வாசித்துச் சொன்னேன்.

“அப்ப இத வச்சு வேல பாத்தா தப்பா?”

“கேஸ் போடுதாங்களாம் அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல ஒரு பிரஸ்ஸையே பூட்டிச் சீல் வச்சிட்டாங்களாம்.”

அப்படி எதுவும் நடக்கவில்லை. அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. “நீ அடிக்கடி வந்து பாத்துக்கிடு மக்கா,” என்றார். யாராவது அப்படிச் சொல்லி எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா சார்?

புதியதற்கு மாறிவிடலாமா என்று அவரே கேட்டார். மாறினால் இருபது வருட டிசைன்களில் தமிழ் எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகிவிடும் என்றேன். அது பொய்யில்லை. இரண்டு நாள் உட்கார்ந்தால் மாற்றிவிடலாம் என்பதை நான் சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று பில்லையும் லைசென்ஸ் அட்டையையும் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

ஆனியில் இன்னொரு சிம் வாங்கிப் பழைய போன் ஒன்றில் போட்டேன். அதிலிருந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு, குரலை மாற்றிக்கொண்டு, கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்வேன். திட்டியதில்லை, பணம் கேட்டதில்லை. “உங்க மெஷின்ல எந்த வெர்ஷன் ஓடுது சார்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்கும். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் என் சொந்த போன் அடிக்கும். உடனே கிளம்பிவிடுவேன். ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தே வேலை பார்க்க ஆரம்பித்தார். ஜீப் சத்தம் கேட்டால் மானிட்டர் மேல் போர்வையைப் போடுவார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன யாரோ ஒருவரின் பெயரை மைக்கில் அறிவித்தபோது, தன் பெயர்தான் என்று கடைக்குள் ஓடி ஒளிந்தாராம். அவர் மனைவி ஞானபூரணம் அக்கா சொல்லி அழுதார்கள். “சோறே எறங்க மாட்டேங்குது தம்பி அவுகளுக்கு. நீ வந்தாத்தான் ரெண்டு வாய் திங்காக.” அன்று அவரோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

ஆவணியில் ஒரு காலை, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, லேப்டாப் பையோடு இரண்டு பேர் கடைக்கு வந்திருக்கிறார்கள். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தவர்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன் அண்ணாச்சி சிபியுவைப் பிடுங்கிக்கொண்டு, ஒயர்கள் இழுபட, பின்பக்க இரும்பு ஏணியில் மொட்டைமாடிக்கு ஏறினார். பாதியில் விழுந்தார். அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதை நான் என்றும் மறக்கமாட்டேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் உயிர் போய்விட்டது. என் மடியில்தான் தலை இருந்தது. “வந்துட்டாங்களாலே?” என்று கேட்டார். “இல்ல அண்ணாச்சி,” என்றேன்.

அடக்கம் முடிந்து, சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகள் பெனிட்டா தங்கிவிட்டாள். சந்தா கட்டிப் புதுப் பதிப்பை ஏற்றினாள். இரண்டே நாளில் டிசைன்களை மாற்றினாள். அக்கா ஷட்டரை முழுவதும் திறந்து வைத்தார்கள். ரோட்டில் நான் போனால் தலையசைப்பார்கள். அதோடு சரி.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அந்த சிம்மிலிருந்து அக்காவை அழைத்தேன். “ஞானதுரை சாரோட மெஷின் இப்ப எங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடுவார்கள் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானே போனேன்.

கடையில் அக்கா மட்டும் இருந்தார்கள். “எவனோ போன்ல அவுகளக் கேக்கான் தம்பி. இந்தா, இந்த நம்பருதான்,” என்று சொல்லிக்கொண்டே அந்த எண்ணை அழுத்தினார்கள். என் பைக்குள் போன் அடித்தது.

அது அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

ஞானதுரை அண்ணாச்சி சாவுக்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை சார். அக்கா என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். “பயப்படாதீங்கக்கா, நான்தான் இருக்கேம்லா,” என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். அப்போதுதான் அலறினார்கள். பக்கத்திலேயே நான் இருக்கும்போது அவர்களுக்கு என்ன பயம்?