முப்பத்தோராவது முகவரி

எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஓட்டலில் விலைப்பட்டியலைக்கூடத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். அதனால்தான் இதய மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள்.

என் மேஜைக் கணினியில் அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பட்டியலை உள்ளே போட்டால் முதலில் முகவரிகளைச் சரிபார்க்கும். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா, நடுவில் ஓர் இடைவெளி என்று ஏதாவது தவறு இருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கிவிட்டு, திருத்தவா, விட்டுவிடவா என்று கேட்கும். விட்டுவிட்டால் மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். நல்ல மென்பொருள். குறை சொல்ல மாட்டேன்.

அன்று அனுப்பவேண்டியது சின்னக் கடிதம். ஒரு குறிப்பிட்ட வகை பேஸ்மேக்கரில் பேட்டரி திடீரென்று நின்றுவிடலாம், உடனே வந்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு மேல் முகவரிகள். முப்பத்தொன்று சிவப்பாக வந்தன. முப்பது பேரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். ஒரு பாட்டிக்குக் காது கேட்கவில்லை. நான்கு முறை கத்தினேன். முப்பத்தோராவது என் அக்காவின் கணவர். ஒரு கமாதான் தவறு. அந்த முகவரியை அவருக்கு உருவாக்கிக் கொடுத்ததே நான்தான். அழைக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. ‘தகவல் சொல்லியாயிற்று’ என்று மட்டும் குறித்தேன்.

காரணம் கேட்கிறீர்கள். மாமா கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். நாலு பேர் கூடிவிட்டால், “எங்க மாப்ளே பெரிய ஆளுங்க. காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் ஒரே பட்டனைத் தட்டுவாரு” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பதினாறு வருடம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சென்ற முறை அக்காவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். இருந்தாலும் சிரித்தாள்.

கடிதம் போன மூன்றாம் நாள் அக்கா அழைத்தாள்.

“டேய், எதிர்வீட்டுக்காரருக்கு உங்க ஆஸ்பத்திரிலேர்ந்து மெயில் வந்துச்சாம். மாமாவுக்கும் அந்த மெஷின்தானே? ஒண்ணும் வரலையே?”

“அது வேற கம்பெனி மெஷின்க்கா. மாமாவுக்குன்னா நானே ஓடி வந்து சொல்ல மாட்டேனா?”

“அதானே. நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் மாமாவே என் வீட்டுக்கு வந்தார். இரண்டு மாடி ஏறியதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தேன்.

“ரெண்டு நாளா தலை சுத்துது மாப்ளே. டாக்டரைப் பாத்துடலாமா?”

“வெயில்ல அலையாதீங்க மாமா. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்.”

“நீ சொன்னா சரிதான். ஆஸ்பத்திரிக்காரன் ஆச்சே” என்று என் தோளைத் தட்டினார். அதில் கிண்டல் இல்லை. முதல் தடவையாக என் பேச்சை மதித்துக் கேட்டார். சந்தோஷமாக இருந்தது. கைத்தாங்கலாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

உறவினர்களுக்கெல்லாம் தகவல் சொல்லும் பொறுப்பை அக்கா என்னிடம்தான் கொடுத்தாள். மடிக்கணினியில் அதே மென்பொருளைப் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பினேன். இருநூற்றுப் பதினான்கு முகவரிகள். ஏழு சிவப்பாக வந்தன. ஏழு பேரையும் அழைத்து, எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருத்தினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் இல்லேன்னா என்னடா ஆயிருக்கும்?”

நான் இல்லையென்றால் மாமா உயிரோடு இருந்திருப்பார். அதை அப்போது சொல்லவில்லை. அழுதுகொண்டிருப்பவளை மேலும் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வராது.