கம்பளியின் மறுமுனை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் நாகலிங்கம் ஐயா அவர்களே, வளைவுக்கு வளைவு குலுங்கும் பஸ்ஸில் றக்வானயிலிருந்து எங்களைத் தேடி வந்த நர்ஸ் மஹ்மூதா அவர்களே, முன்வரிசை மூத்தோரே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் என் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் இந்தப் புஷ்பத்தின் வணக்கம்.

போன ஐப்பசி மழையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பாசியில் வழுக்கி விழுந்தேன். ஊன்றிய வலக்கை மணிக்கட்டில் முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கட்டைப் பிரித்தார்கள். பிரித்துப் பார்த்தால் கை இருந்தது, கையில் பிடி இல்லை. பிடியில்லாத கை கொழுந்து பறிக்குமா? மலைக்குப் போகாதவளுக்குப் பகல்தான் போகுமா? வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பிரட்டுக்கு எல்லாரும் போன பின், எங்கள் வீட்டு வரிசையான லயம் முழுதும் நானும் நாயுந்தான். கணவர் காலமாகிவிட்டார், மகள் கொழும்பில். பேச ஆளில்லாமல் அடுப்போடு பேசினேன். பின்வரிசையில் சிரிக்காதே லோஜினி, அடுப்பு உன்னைவிடப் பொறுமையாகக் கேட்கும்.

குறை சொல்லவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பாயி தண்ணீர் சுமந்தாள், துணி துவைத்தாள், சோறு தந்தாள். "நீங்க சும்மா இருங்கக்கா, கைய அசைக்காதீங்க" என்பாள். வைத்துவிட்டு ஓடிவிடுவாள், அவளுக்கும் வேலை. அன்பு இருந்தது, அருகில் ஆள் இல்லை.

நர்ஸம்மாவிடம் போனேன். "எலும்பு கூடிருச்சு. இனி சும்மா வச்சிருந்தாத்தான் கெடுதி. வெரல மடக்கி நீட்டுங்க, துணி பிழியுங்க, தெனம் நடங்க. நெத்தலியும் கீரையும் சாப்பிடுங்க" என்றார்.

கைக்குட்டையில் தொடங்கிக் கம்பளிக்கு வந்தேன். மழைக்கு நாம் போர்த்தும் கம்பளியை ஒற்றை ஆள் பிழிய முடியுமா, தாய்மாரே? அந்த முனையில் ஒருத்தி வேண்டாமா? எனக்கு யார் இருந்தார்? மறுமுனையைப் பீலிக் கம்பத்தில் கட்டிவிட்டுத் திருகினேன். வலித்தது. அதைவிட, கம்பத்தோடு கூட்டுச் சேர்ந்த என் பிழைப்பை நினைத்து அழுகை வந்தது.

கருப்பாயி ஓடி வந்தாள். "விடுங்கக்கா, நான் பிழிஞ்சு தாறேன்."

"பிழிஞ்சு தராத தாயி. அந்தப் பக்கத்தப் புடி, போதும்."

பிடித்தாள். திருகினோம். தண்ணீர் கொட்டியது. நெடுநாளைக்குப் பின் அன்றுதான் ஒருத்தியோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன். நாளடைவில் பிடி திரும்பியது, மலையில் நான் கொழுந்து பறிக்கும் நிரையும் திரும்பக் கிடைத்தது.

ஆகவே சொல்கிறேன். ஒடிந்த கைக்கு ஓய்வு வேண்டும், ஓயாத ஓய்வு வேண்டாம். கட்டு இருக்கும்வரை சுமந்து கொடுங்கள். கட்டு அவிழ்ந்தபின் கூடவே நின்று கொடுங்கள்!

நர்ஸம்மா ஞாயிறுதோறும், நாம் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறார். போன ஞாயிறு வந்தவள் நான் ஒருத்தி. எனக்காகவே அவ்வளவு தூரம் வந்து சொல்லிக் கொடுத்தார். வெறும் முற்றத்தில் தனியாகக் கை தூக்கி நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, தாய்மாரே. என் எலும்பு தேறிவிட்டது. நான் இன்னும் தேறவில்லை. வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஞாயிறு காலை முற்றத்தில் உங்களுக்கு முன்பே வந்து நிற்பேன். வணக்கம்.