சங்கிலி துருப்பிடிக்கவில்லை

என் சங்கிலி துருப்பிடிக்காது, ஐயா. வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியால் துடைப்பேன். சங்கிலி துருவேறி இறுகிவிட்டது என்று நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மெக்கானிக் ஹமீது சொன்னதாகவும், நீங்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் பெயர் ஐயாதுரை. முப்பது வருஷமாக மெக்கானிக்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மற்றது விளங்காது. அகமது கபீர் பாய் போன வருஷம், தொண்ணூற்றாறில், ஷார்ஜாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் அது. அதில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து விடுவதும் தீப்பொறியை விடுவதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். தனக்கு என்ன கோளாறு என்று அதுவே சொல்லும். டாஷ்போர்டுக்கு அடியில், தீப்பெட்டி அளவில், துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது. குறிப்பிட்ட இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால், ஓட்டுபவருக்கு எதிரே உள்ள மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். இரண்டு சிமிட்டு, சற்று நிறுத்தம், மறுபடி ஒரு சிமிட்டு என்றால் இருபத்தொன்று. எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்தேன். ஒரு இயந்திரம் வாய் திறந்து பேசுவதை முதல்முதலாகக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா.

அந்த வயருக்கு இன்னொரு குணமும் உண்டு. வேகத்துக்குத் தக்கபடி தீப்பொறியை முன்கூட்டி விடுவது கம்ப்யூட்டரின் வேலை. வயர் செருகியிருக்கும் வரை அது அந்த வேலையைச் செய்யாது. தீப்பொறி நேரத்தைச் சரிபார்க்க நமக்கு அது வசதி. பார்த்து முடித்ததும் வயரை உருவிவிட வேண்டும். உருவாமல் ரோட்டில் ஓட்டினால் வண்டி இழுக்காது, சூடேறும், நின்றும் போகும்.

ரேடியோ மாட்ட வந்த ஒருவன் அந்தச் சாக்கெட்டில் கம்பியைச் செருகி ஃபியூஸைப் போக்கிவிட்டான். அன்றே மூன்று மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பெட்டி செய்து அதை மூடினேன். பெட்டியின் பின்பக்கமாகச் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டேன். கபீர் பாயின் சம்சாரம் அப்ரோஸ் பேகம் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

“ஏன் அண்ணே, எங்க வீட்டு நகைப் பெட்டிக்கே ஒரு சாவிதான். இதுக்குள்ள அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கீய?”

“வண்டியோட வாய் இருக்கும்மா.”

“அப்போ அவுகளுக்கும் ஒண்ணு செஞ்சு போடுங்க” என்று பாயைக் காட்டினார்கள். நல்ல மாதிரி. எனக்கு அவர்கள்மேல் எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை.

பிறகு ஹமீது மதுரையில் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க்ஷாப் போட்டான். “மதுரை போற வழியில எதும்னா அவன் பாத்துக்கிடுவான். அவங்கிட்டயும் ஒரு சாவி இருக்கட்டும்” என்றார் பாய். சரி என்றேன். மில் கேட்டில் செய்வதுபோல, சங்கிலியின் இரண்டு முனைகளுக்கு நடுவே என் பூட்டையும் அவன் பூட்டையும் ஒன்றோடொன்று கோத்து மாட்டினேன். அப்படி மாட்டினால் எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விட்டுவிடும். அவன் சாவிக்கும் திறக்கும், என் சாவிக்கும் திறக்கும். பகிர்ந்துகொள்ள அதுதான் முறை.

இரண்டு பூட்டுகளையும் கோக்காமல், ஒவ்வொன்றும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி மாட்டினால் கதை வேறு. அப்போது இரண்டு சாவியும் வேண்டும். தடவிப் பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தடவித்தான் ஆக வேண்டும்.

சித்திரை மாதத்தில் பாய் வந்து, இனி வண்டியை முழுக்க ஹமீதிடமே விடப்போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. “ஒமக்கும் வயசாவுதுல்லா, ஐயாதுரை” என்றார். மில்காரர்களின் புதுக் கார்கள் ஏற்கெனவே மதுரைக்குப் போய்விட்டன. என்னோடு பேசிய வண்டி இது ஒன்றுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை பாய் மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போவதாக இருந்தார். முந்தின நாள் வண்டி கடைசித் தடவையாக என் ஒர்க்ஷாப்பில் நின்றது. தீப்பொறி நேரம் பார்த்தேன். வயரை உருவ மறந்துவிட்டேன். பெட்டியைப் பூட்டினேன்.

வியாழன் காலையில் டிரைவர் வேல்சாமி ஓடிவந்தான். “அண்ணாச்சி, சீக்கிரம் கார் சாவியக் குடுங்க. அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஊசி போட்டுட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கன்னுட்டாரு டாக்டரு.” கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஹமீது போன் போட்டான்.

“அண்ணாச்சி, வண்டி இழுக்கல, கொதிக்கி. எம் பூட்டு தொறந்துட்டு, ஆனா சங்கிலி விட மாட்டேங்கு. வெட்டிரட்டா?”

“வெட்டாதலே. ஒரு பொறி பட்டாலும் கம்ப்யூட்டர் எரிஞ்சிரும்.”

அது உண்மையில்லை. சங்கிலியை வெட்டினால் சங்கிலிதான் அறும்.

பாய் போனை வாங்கினார். அவர் குரலை என்னால் அடையாளம் காண முடியவில்லை. “ஐயாதுரை, இவளுக்கு மூச்சு வாங்குது. வாடகைக் காரு கூப்பிடட்டுமா?”

“வேண்டாம் பாய். அம்மாவ எறக்கி ஏத்தாதிய. பத்து நிமிஷத்துல வாரேன்.”

அதற்கும் காரணம் உண்டு. வாடகைக் காரில் அவர்கள் போய்விட்டால், வண்டி ஹமீதிடம் நிற்கும். சாயங்காலம் வரைக்கும் பூட்டுகளைக் குனிந்து பார்க்க அவனுக்கு நேரம் இருக்கும். பஸ் கிடைத்து நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. நின்றுகொண்டே வந்தேன்.

அப்ரோஸ் பேகம் பின்சீட்டில் பாயின் மடியில் தலை வைத்திருந்தார்கள். உதடு நீலமாக இருந்தது. ஹமீதின் கை முழுக்கச் சிராய்ப்பு. அவன் சாவியை வாங்கிக்கொண்டு அடியில் படுத்தேன். இரண்டு பூட்டுகளையும் திறந்து, வயரை உருவிச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு, பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பழையபடி மாட்டினேன். பிறகு பாய் பார்க்க ஹமீதின் சாவியால் மட்டும் திறந்து காட்டினேன். “இவன் சாவிக்கே தொறக்குதே பாய்” என்றேன். ஹமீது அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். துருவாக இருக்கும் என்று அவன் நினைத்தது அப்போதுதான்.

வண்டி நன்றாக இழுத்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அப்ரோஸ் பேகத்தின் மூச்சு நின்றுவிட்டது.

வயரை மறந்துவிட்டேன் என்று சற்று முன் சொன்னேன், ஐயா. வயர் செருகியிருந்தால் மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டே வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்த விளக்கின் பல்பைப் புதன்கிழமையே கழற்றிவிட்டேன். மறந்தவன் பல்பைக் கழற்ற மாட்டான். பூட்டுகளையும் அன்றுதான் கோக்காமல் மாற்றி மாட்டினேன். ஹமீதின் பூட்டோடு வந்த இரண்டாவது சாவியை நான் அவனிடம் கொடுக்கவே இல்லை. பாய் ஜவுளி எடுக்கப் போகும் வழியில் ஹமீது திறக்க முடியாமல் விழிக்க வேண்டும், நான் போய்த் திறக்க வேண்டும். நினைத்தது அவ்வளவுதான். வேல்சாமி நெஞ்சுவலி என்று சொன்னபோது இரண்டு பூட்டுச் சாவிகளும் என் இடுப்பில்தான் இருந்தன. வயரை உருவ இரண்டு நிமிஷம் போதும். ஆனால் அவசரத்தில் கைகொடுத்தவனை யாரும் மறக்கமாட்டார்களே என்று தோன்றியது. அந்த இரண்டு நிமிஷமும் வேல்சாமி கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹமீதை விட்டுவிடுவீர்களோ மாட்டீர்களோ, அது உங்கள் வேலை. துரு என்று எழுதியதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தச் சாக்கெட்டின் பாதுகாப்பு என் பொறுப்பில் இருந்தது. கடைசி வரைக்கும் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.