பன்னிரண்டாயிரம் நம்பர் கல்

சவரக் கத்தி தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, எடுத்த எடுப்பில் எட்டாயிரம் நம்பர் கல்லுக்குப் போய்விடுவது. வெட்டும் வாய் அமையாத கத்தியை அதில் தேய்த்தால் பளபளப்பு வரும், கூர் வராது. முதலில் ஆயிரத்தில் வாயை அமைக்க வேண்டும். பிறகு மூவாயிரம், அதன்பின் எட்டாயிரம். நம்பர் ஏற ஏறக் கல் நைசாகிக்கொண்டே போகும். பன்னிரண்டாயிரம் கடைசி. அந்தக் கல்லைத் தொட்டால் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போல இருக்கும்.

இதை உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. "முன்விரோதம் காரணமாக" என்று எழுதினார். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன். எனக்கும் மலையாண்டிக்கும் விரோதம் கிடையாது. இந்த ஒரு வருடத்தில் அவரைப் போல என்னைச் சிரிக்கவைத்தவர் யாரும் இல்லை.

வாடிப்பட்டியில் மொக்கையன் வீடு என்றால் யாரும் வழி காட்டுவார்கள். எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கல்யாணத்தன்று காலையில் குடும்பத்தின் மூத்தவர்தான் முகம் மழித்துவிட வேண்டும். மூன்று தலைமுறையாக அதே கத்தி. என் தாத்தாவின் நேர்மையை மெச்சி ஒரு ஜமீன்தார் தன் கையால் கொடுத்தது. சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் நிலத்தைக் காட்டுவதற்கு முன்னால் நாங்கள் இந்தக் கத்தியைத்தான் காட்டுவோம்.

என் மகன் அழகுபாண்டிக்குப் பெண் அமைந்ததும் பெட்டியிலிருந்து அதை எடுத்தேன். வாய் இரண்டு இடத்தில் பொக்கையாகியிருந்தது. பிடிக்குள் போகிற காம்பில் கறுத்த துரு. வெளியாள் கையில் கொடுக்க மனமில்லாமல் நானே கற்றுக்கொண்டேன். கற்கள் கூரியரில் வந்தன. தீட்டத் தீட்டக் கல் நடுவில் குழியும். அதைச் சமன் செய்ய மட்டமான கிரானைட் பலகை ஒன்று வேண்டும். அதைக் கேட்டுத்தான் மேலூரில் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் மலையாண்டியிடம் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மெஷினை நிறுத்திவிட்டார். "நம்பர் பாத்துத் தேய்க்கிற கிறுக்கன் நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன். வாங்க மாப்ள, வந்து உக்காருங்க" என்றார்.

என்னை மாப்ள என்று கூப்பிடுகிற துணிச்சல் ஊரில் யாருக்கும் கிடையாது. அவர் கூப்பிட்டபோது நான் மறுக்கவில்லை.

பிறகு வாரம் தவறாமல் வந்தார். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இருவரும் கல்லை நனைத்துக்கொண்டு உட்காருவோம். கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும், நூலளவு தூக்கினாலும் போச்சு. சரியாகப் படிந்தால் கல் ஒரு சத்தம் கொடுக்கும், பட்டுப் புடவை உரசுவது போல. அந்தச் சத்தம் முதல்முறை கேட்டபோது இரண்டு கிழவர்களும் கைதட்டினோம். மழித்து மழித்துக் கூர் பார்த்ததில் என் இரண்டு முன்னங்கைகளிலும் முடி இல்லாமல் போனது, அவர் கால்களிலும். முடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்க என் மனைவி தமிழ்ச்செல்வியிடம் நீளமாக ஒன்று கேட்டேன். "அறுபத்தெட்டு வயசுல பொண்டாட்டிகிட்ட முடி கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி, பிடுங்கியும் கொடுத்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டு இருளாயியின் கிடாவுக்குத் தாடி மழித்தோம். இருளாயி வந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, அதுக்கும் பொண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டாள். மலையாண்டி மண்ணில் உருண்டு சிரித்தார். என் நிலைக்கு ஏற்ற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அவர் வந்துவிட்டார். கத்தி பன்னிரண்டாயிரத்தில் முடிந்திருந்தது. காம்புத் துருவை மட்டும் ஏன் விட வேண்டும் என்று நானூறு நம்பர் கல்லின் உடைந்த துண்டால் தேய்த்தார். துருவுக்கு அடியிலிருந்து எழுத்து வந்தது. உளியால் கொத்திய எழுத்து. காளை, மேலூர்.

காளை அவருடைய தாத்தா.

"மாப்ள, எங்க அய்யா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாளைக்குக் கல்யாணம், சவரம் பண்ணிட்டுத் தாரேன்னு கத்திய இரவல் வாங்கிட்டுப் போன மாப்பிள்ளை இன்னும் திரும்பி வரலன்னு. அது உங்க தாத்தாதானா? எம்புட்டு நீளமான சவரம்யா அது" என்று சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் சாக்கு மூட்டையில் உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் கத்தியைத் திருப்பிக் கேட்கவில்லை. "இது உங்க வீட்லயே இருக்கட்டும் மாப்ள. நாளைக்கு மண்டபத்துல சீர் வாசிக்கிறப்ப மைக்க நான் வாங்குறேன். மேலூர் காளை பேரன் மலையாண்டி, சவரக் கத்தி ஒண்ணு, ரெண்டாந்தடவையா. ஊரே சிரிக்கும்" என்றார்.

மைக் வேண்டாம் என்றேன். "அட, இந்த மாதிரிக் கதைய வயித்துல வச்சுக்கிட்டா சோறு இறங்குமா?" என்றார். ஊரே சிரிக்கும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கல் உண்டு. பொக்கைக்கு ஆயிரம், துருவுக்கு நானூறு. ஒரு மனிதருக்குத் தெரிந்துவிட்ட விஷயத்தைத் தேய்த்தெடுக்க எந்த நம்பரிலும் கல் வருவதில்லை. அன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அவரைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். மகன் முகத்தில் வைப்பதற்கு முன்னால் ஒருவர் முகத்தில் பார்க்க வேண்டும் என்றேன். அது உண்மையும்கூட. அவர் உடனே நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நிமிர்த்தினார். இடது கன்னம், வலது கன்னம், மோவாய். "கத்தி வச்சிருக்கீங்களா, ஊதுறீங்களா மாப்ள? கூசுது" என்றார். சிரிக்காதீர்கள், ஆடினால் வெட்டிவிடும் என்று எச்சரித்தேன். அவர் அசையாமல் இருந்தார். கழுத்துக்கு வந்தேன். பன்னிரண்டாயிரத்தில் முடித்த வாய் என்பதால் அவருக்கு வலித்திருக்காது. எட்டாயிரத்தோடு நிறுத்தியிருந்தால் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

தார்ப்பாயைப் போட்டு மூடிக் கொட்டகையைப் பூட்டினேன். கத்தியை வெந்நீரில் கழுவினேன். காம்பை நானூறில் ஐந்து நிமிடம் தேய்த்ததும் எழுத்து போய்விட்டது. குளித்து, வேட்டி மாற்றி, தோல் வாரில் வாயை நாற்பது முறை இழுத்து, ஆறரை மணிக்கு என் மகனுக்கு மழித்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. "இம்புட்டு நைசா இருக்கேப்பா" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். மலையாண்டி எங்கே என்று கேட்டவர்களிடம் மண்டபத்துக்கு முன்னாலேயே போய்விட்டார் என்றேன். திருப்பரங்குன்றத்தில் குறித்த நேரத்தில் தாலி ஏறியது. சீர் வாசித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பந்தி எழுந்த பிறகு நானே பஸ் ஏறி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. பொய் சொல்லி ஒளிகிற குடும்பம் இல்லை எங்களுடையது.

ஆகவே கொலை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். முன்விரோதத்தை அடித்துவிடுங்கள். காம்பில் பெயர் இருந்தது என்று நான் சொன்னதையும் அப்படியே அடித்துவிடுங்கள், இப்போது அங்கே பெயர் எதுவும் இல்லை. வழக்கு முடிந்ததும் கத்தியை என் மகனிடம் கொடுத்துவிட வேண்டும். நாளைக்குப் பிறக்கப்போகும் என் பேரன் கல்யாணத்துக்கு வேண்டும். இரவலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காத பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.