டிம் போட்டாலும் குத்தும் வெளிச்சம்

"இந்த மங்கல் லைட்ட வச்சிக்கிட்டு எஸ்டேட் ரோட்டுல நீ ஓட்டிருவியா?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். முதல் கார் வாங்கியவளும் நான்தான். வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் போடச் சொல்லி மாத்தளையில் காரைக் கராஜில் விட்டுவிட்டு, உக்குவளை பஸ்ஸில் ஏறினேன்.

முன் சீட்டில் ஒரு வேன்காரரும் அவர் மனைவியும். அவர் மடியில் அதே பல்ப் பெட்டி.

"இது சட்டப்படி சரியாங்க?" என்று மனைவி அவரைக் கேட்டார்.

"கடையில பகிரங்கமா விக்கிறானே!"

"கத்தியும்தான் விக்கிறான். பொலிஸ்காரன்கிட்ட அதச் சொல்லுங்க."

"பனியில பாத தெரியணும்ல, புள்ள? கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கள ஏத்திட்டுப் போறேன்."

"உங்களுக்குத் தெரியும். எதுத்தாப்ல வர்றவனுக்கு? போன கெழம வெள்ள லைட்டு லொறிக்காரனால வேன ரோட்டோரத் தண்ணிக் கானுல எறக்கிட்டு, அவன் பரம்பரையையே ஏசினீங்களே!"

"அவன் டிம் பண்ணலடி."

"பண்ணினான். எறங்கி வந்து பேசிட்டு, திரும்ப ஏறிப் போட்டே காட்டினானே! டிம்மும் அப்படித்தான் கண்ணக் குத்துச்சு."

வேன்காரர் பெட்டியைத் திறந்து உள்ளே பில் இருக்கிறதா என்று பார்த்தார்.

"கடக்காரன் திருப்பி எடுப்பானா?"

"நான் வந்து கேக்குறேன். எடுப்பான்."

அதற்குள் நான் கராஜுக்குப் போன் எடுத்து, வெள்ளை பல்ப் வேண்டாம், மங்கிப்போன விளக்குக் கண்ணாடியை மட்டும் துலக்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தேன்.